ஸ்பானிஷ் படிக்க அடுத்தவர் வீட்டில் எட்டு வாரம்: நம் கடற்கரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி அலுவலகத்தில் ஆவணம் பார்ப்பது என் வேலை. நம் கணவாய் பெட்டி பெட்டியாக ஸ்பெயினுக்குப் போகிறது. அங்கிருந்து வரும் கடிதங்களில் பாதி ஸ்பானிஷில் இருக்கும். கைப்பேசி மொழிபெயர்ப்பை நம்பி ஒருமுறை ஓட்டுக் கணவாய்க்குப் போட வேண்டிய 'சேப்பியா' என்ற சொல்லுக்குப் பதிலாக ஊசிக் கணவாய்க்கான 'கலமார்' என்று லேபிளில் அடித்துவிட்டேன். கன்டெய்னர் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து அத்தனை காகிதத்தையும் மாற்றினோம். அன்றைக்குத்தான் இந்த மொழியை ஒழுங்காகப் படித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

2025 ஏப்ரலில் போய் ஜூனில் திரும்பினேன். தெற்கு ஸ்பெயினில் காதிஸ் என்ற ஊரில், ஒரு குடும்பத்தோடு தங்கி மொழிப் பள்ளிக்குப் போனேன். முதல் விசா விண்ணப்பம் மறுக்கப்பட்டது. முதலில் கிடைத்த வீடும் சரிப்படவில்லை. அந்த இரண்டு அடியும் உங்களுக்கு விழாமல் இருக்க இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டில் எந்த விடுதியிலும் கிடைக்கும், விடுதியைவிட வீடு மலிவும் கிடையாது. ராத்திரி வீட்டுக்காரர்களோடு சாப்பாட்டு மேசையில் உட்காரும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். பள்ளி, வீடு, சாப்பாட்டுத் திட்டம், கிளம்பும் தேதி என எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த மேசைக்கு அது உதவுமா என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. எப்போது, எத்தனை நாள்

நம் பக்கத்து வேலைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஏற்றுமதி அலுவலகங்களில் வேலை குறையும், லீவு கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். நான் ஏப்ரல் 19 சனிக்கிழமை அங்கே இறங்கி, 21 திங்கள் முதல் ஜூன் 13 வெள்ளி வரை எட்டு வாரம் படித்து, 14-ஆம் தேதி கிளம்பிவிட்டேன். பெரிய வெள்ளியன்று விமானம் ஏறியதை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை, அது வேறு விஷயம்.

90 நாளுக்குள் என்றால் குறுகிய கால ஷெங்கன் விசா, அதாவது ஸ்பெயின் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, போதும். கணக்கு 180 நாளுக்குள் 90 நாள். இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் சேர்த்தி. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் புகைப்படமும் எடுத்து நாள் கணக்கை இயந்திரமே வைத்துக்கொள்ளும் முறை வந்திருக்கிறது. 'ஒரு நாள் கூடினால் யார் பார்க்கப் போகிறார்கள்' என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

90 நாளைத் தாண்டினால் மாணவர் விசா. அதற்கு விதிகள் வேறு, பள்ளிக்கு ஸ்பானிஷ் மொழிக்கான ஸ்பெயின் அரசு அமைப்பான செர்வாண்டேஸ் நிறுவனத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் என்றால் போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். முதல்முறை போகிறவர்கள் அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. எட்டு வாரத்திலேயே வீட்டு நினைப்பு வந்துவிடுகிறது.

ஒன்றும் தெரியாமல் போகாதீர்கள். போகுமுன் மூன்று மாதமாவது அடிப்படை நிலையை, அதாவது ஏ1 பாடத்தை, இங்கேயே முடியுங்கள். எண்கள், மணி, உணவுப் பெயர்கள், நிகழ்கால வினை, இவ்வளவு இருந்தால் மேசையில் வாய் திறக்கலாம். இல்லாவிட்டால் முதல் மூன்று வாரம் சிரித்துக்கொண்டே தலையாட்டுவதில் போய்விடும்.

2. பாஸ்போர்ட்டில் பெயர்

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்தேன். என் பெயருக்குப் பின்னால் பெர்னாந்து. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எத்தனையோ வீட்டில் அப்படித்தான். ஸ்பெயினிலோ அது ஆண்பிள்ளைக்கு வைக்கும் முதல் பெயர். பள்ளியிலிருந்து பெண்ணான எனக்கு வந்த சேர்க்கைக் கடிதம் 'திருவாளர் பெர்னாந்து' என்று ஆரம்பித்தது. என் சொந்தப் பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

இனிஷியல் வைத்திருப்பவர்களுக்கு வேறு விதமான தலைவலி. அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. பள்ளியின் விண்ணப்பப் படிவம் இரண்டாவது பெயரையும் விடாமல் கேட்கும். அவசரத்தில் ஊர்ப் பெயரைப் போட்டு நிரப்பிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டின் படத்தை அனுப்பி, 'இதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து வேண்டும்' என்று மின்னஞ்சலில் கேளுங்கள். சேர்க்கைக் கடிதம், தங்குமிடக் கடிதம், காப்பீடு, விமானச் சீட்டு நான்கிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வாங்கியதாகவும், நீங்கள் அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாகவும், இரண்டு பக்கம் வெற்றாகவும் இருக்க வேண்டும். புதுப்பிக்க 1,500 ரூபாய், தத்கல் என்றால் மேலே 2,000.

3. பள்ளியையும் வீட்டையும் பிடிப்பது

வீட்டை நீங்களாகத் தேடாதீர்கள். இணையத்தில் நேரடியாக ஒரு குடும்பத்தைப் பிடித்தால் வாரத்துக்கு 40, 50 யூரோ மிச்சம் என்று எனக்கும் ஒருவர் சொன்னார். ஆனால் தனியார் வீட்டில் விருந்தாளியாகத் தங்குகிறவருக்கு, அந்த வீட்டுக்காரர் அங்குள்ள காவல் நிலையத்தில் விண்ணப்பித்து வாங்கிய அழைப்புக் கடிதம் வேண்டும். முன்பின் தெரியாத ஒருவருக்காக யார் காவல் நிலையத்துக்கு அலைவார்கள்? பள்ளி மூலம் போனால், வீட்டு முகவரி, தேதிகள், பணம் கட்டிய விவரம் எல்லாம் போட்டுப் பள்ளியே முத்திரையிட்டுக் கடிதம் தரும். நான் வைத்தது அதைத்தான்.

பள்ளிக்கு எழுதும்போது கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள். வெட்கப்பட்டால் பின்னால் அழ வேண்டியிருக்கும், நான் கேட்காமல் விட்டவை இவை.

வீட்டில் என்னோடு வேறு எத்தனை மாணவர்கள்? வீட்டுக்காரர்கள் ராத்திரி நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுவார்களா, இல்லை தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார்களா? பள்ளிக்கு நடந்து எத்தனை நிமிடம்? துணி துவைப்பது வாரம் ஒருமுறை சேர்த்தியா? வீடு பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள், அதற்குக் காசு உண்டா? விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வராமல் முழுப் பணத்தையும் அனுப்பாதீர்கள். முன்பணம் மட்டும் கட்டி, விசா வந்த பிறகு மீதி என்று ஒத்துக்கொள்ளும் பள்ளிகள் இருக்கின்றன.

சாப்பாட்டில் இரண்டு வகை. 'மெதியா பென்சியோன்' என்றால் காலையும் ராத்திரியும். 'பென்சியோன் கொம்ப்ளேத்தா' என்றால் மூன்று வேளையும். நான் முதல் வகை எடுத்தேன். மதியம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வெளியே சாப்பிடலாம் என்ற எண்ணம். அங்கே மதியச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு என்பதும், இரண்டு இரண்டரை மணிக்கு வீடே கூடும் என்பதும் போன பிறகுதான் தெரிந்தது. மறுபடி போனால் மூன்று வேளைதான் எடுப்பேன்.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காதிஸைப் படத்தில் பார்த்ததும் பிடித்துப்போனது. மூன்று பக்கமும் கடல், கழுத்து மாதிரி ஒரு நிலத்துண்டும் பாலங்களும் வழியாகத்தான் ஊருக்குள் போக முடியும். ராமேஸ்வரம் தீவுக்காரிக்கு வேறென்ன வேண்டும்! ஆனால் அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுவார்கள். புத்தகத்தில் 'மாஸ் ஓ மேனோஸ்', அவர்கள் வாயில் 'மா ஓ மேனோ'. 'தோஸ்' வெறும் 'தோ'. சொந்த ஊர்ப் பெயரையே 'காய்' என்றுதான் சொல்கிறார்கள். மூன்று வாரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தெளிவான உச்சரிப்புதான் முக்கியம் என்றால் வடக்கே சலமங்கா மாதிரி ஊர்களைப் பாருங்கள். கடல் இல்லாமல் இருக்க முடியாது என்றால் காதிஸுக்கு வாங்க, காது கொஞ்சம் கஷ்டப்படட்டும்.

4. விசாக் கட்டு

இங்கேதான் நான் விழுந்தேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45 நாள். விசாக் கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்பத்தை வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம். மறுத்தாலும் திரும்ப வராது. விண்ணப்ப மையம் சென்னையில் இருக்கிறது, கைரேகைக்கு நேரில் போக வேண்டும். ராமநாதபுரத்தில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் சென்னை. ஆனால் காலை ஒன்பது மணிக்கு நேரம் வாங்காதீர்கள். ரயில் தாமதமானால் எல்லாம் போச்சு. பதினொன்றரை, பன்னிரண்டுக்கு வாங்குங்கள். கொடுத்த கைரேகை 59 மாதம் செல்லும்.

விசாவுக்கான காகிதக் கட்டுக்குள் நான் வைத்தவை: படிவம், 35-க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், பாஸ்போர்ட், பள்ளியின் சேர்க்கைக் கடிதம் (வாரம் எத்தனை மணி நேரம் வகுப்பு என்பது அதில் இருக்கட்டும்), தங்குமிடக் கடிதம், கட்டிய பணத்துக்கான ரசீது, போக வர விமான முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கு ஷெங்கன் நாடுகள் முழுவதும் செல்லும் மருத்துவக் காப்பீடு, ஆறு மாத வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் லீவுக் கடிதம், ஏன் போகிறேன் என்று ஒரு பக்கக் கடிதம்.

பணம் எவ்வளவு காட்டுவது? ஸ்பெயினுக்குள் வருகிறவர் நாளொன்றுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு வைத்திருக்க வேண்டும் என்பது கணக்கு. 2025-இல் அந்தச் சம்பளம் 1,184 யூரோ, ஆக நாளுக்கு 118.40. எனக்கு 57 நாள், பெருக்கினால் 6,748 யூரோ சொச்சம். அன்றைய மதிப்பில் ஆறரை லட்சம் ரூபாய்க்குக் கிட்ட. அந்தச் சம்பளம் ஏறிக்கொண்டே வருகிறது, நீங்கள் போகும் வருஷத்துத் தொகையைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் என் கணக்கில் மூன்றரை லட்சம்தான் இருந்தது. சித்தப்பாவிடம் சொன்னேன். "இதுக்கா யோசிக்கிற? சீட்டுப் பணம் மூணு லட்சம் வந்துருக்கு, போட்டு வை. காட்டிட்டுத் திருப்பிக் குடு" என்றார். விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் ரொக்கமாகப் போட்டேன். மாதக் கடைசியில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது, உள்ளே மறுப்புப் படிவம். இரண்டு கட்டங்களில் குறி: செலவுக்கான பணத்துக்குச் சரியான ஆதாரம் இல்லை, திரும்பி வருவார் என்பதில் சந்தேகம் இருக்கிறது.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து மாதம் சம்பளம் மட்டும் வந்து போகும் கணக்கில் திடீரென்று மூன்று லட்சம் ரொக்கம் விழுந்தால், எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கத்தான் செய்வார்கள். நம் கடற்கரையில் பணம் ஏலக் கூடத்திலிருந்து மடிக்கு வரும், மடியிலிருந்து சீட்டுக்குப் போகும், வங்கியை எட்டிப்பார்க்காது. கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசுதான், ஆனால் காகிதத்தில் அது இல்லாத காசு.

மேல்முறையீட்டுக்கு ஒரு மாத அவகாசம் உண்டு. நான் அந்த வழிக்குப் போகாமல் மார்ச் முதல் வாரம் புதிதாக விண்ணப்பித்தேன். என்ன மாற்றினேன் என்றால்:

சீட்டுப் பணத்தை எடுத்து சித்தப்பாவிடமே கொடுத்துவிட்டேன். அப்பாவைச் செலவு ஏற்பவராகக் காட்டினேன். படகுக்கு டீசல் வாங்குவதும் வியாபாரி பணம் போடுவதும் அவர் கணக்கு வழியாகத்தான், வருஷக்கணக்கில் வரவு செலவு ஓடிய கணக்கு அது. அதோடு அவருடைய ஒப்புதல் கடிதம், படகின் பதிவுச் சான்று, மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை. அட்டை தமிழில் இருந்ததால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கினேன். அலுவலகக் கடிதத்தில் 'லீவு கொடுத்திருக்கிறோம்' என்று மொட்டையாக இருந்ததை, 'தடைக்காலம் முடிந்து ஜூன் 16 அன்று வேலையில் சேர வேண்டும், ஸ்பானிஷ் ஆவணங்களைக் கையாளுவது இவர் பொறுப்பு' என்று எழுதி வாங்கினேன். மார்ச் கடைசியில் விசா வந்துவிட்டது.

வீட்டில் வருமான வரிக் கணக்கு போட்டதே இல்லையா? வரி கட்டும் அளவு வருமானம் இல்லாவிட்டாலும் கணக்கு சமர்ப்பிக்கலாம். இந்த வருஷமே ஆரம்பியுங்கள்.

5. மொத்தம் எவ்வளவு ஆனது

வகுப்பு வாரம் 180 யூரோ, எட்டு வாரத்துக்கு 1,440. வீடு, இரண்டு வேளைச் சாப்பாட்டோடு வாரம் 215, ஆக 1,720. பதிவுக் கட்டணம் 60. இந்த 3,220 யூரோவும் அப்போதைய மதிப்பில் மூன்று லட்சத்து ஒன்பதாயிரம் ரூபாய். விமானம் 62,000. விசா, மையக் கட்டணம் இரண்டு தடவைக்குமாக 20,000. காப்பீடு 4,500. மாட்ரிட்டிலிருந்து காதிஸ் ரயில் போக வர 7,000. மதியச் சாப்பாடு, சிம், பஸ், ஒரு தடவை செருப்பு அறுந்து வாங்கியது எல்லாம் சேர்த்து 58,000. கூட்டினால் நான்கு லட்சத்து அறுபதாயிரம். ஒழுங்காக ஒரே தடவையில் விசா வாங்கியிருந்தால் நான்கரை லட்சத்தில் முடிந்திருக்கும்.

வங்கி வழியாகப் பள்ளிக்குப் பணம் அனுப்பும்போது, இடையில் உள்ள வங்கிகளின் கட்டணமும் என்னுடையது என்று படிவத்தில் குறியுங்கள். குறிக்காவிட்டால் அவர்கள் பிடித்தது போக மீதிதான் போய்ச் சேரும். 22 யூரோ குறைகிறது என்று பள்ளியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அந்த 22 யூரோவை அனுப்ப மறுபடியும் ஆயிரத்துச் சொச்சம் செலவு.

6. பெட்டியில் என்ன

பால், இறைச்சி சேர்ந்தது எதையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக முடியாது. நெய், பால்கோவா வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பொடி வகைகள் போகும். வேடிக்கை என்னவென்றால், கருவாட்டுக்குத் தடை இல்லை. சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை மீன் பொருள் கொண்டுபோகலாம். சட்டம் விட்டாலும் நீங்கள் கொண்டுபோகாதீர்கள். அடுக்குமாடி வீட்டில் ஒரு தடவை வறுத்தால் போதும், அடுத்த நாள் உங்கள் பெட்டி படிக்கட்டில் இருக்கும்.

அன்பளிப்பாகப் பனை ஓலைக் கொட்டான் இரண்டு எடுத்துப்போனேன். வீட்டம்மா அதில் வெங்காயமும் பூண்டும் போட்டு அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குள் போட ஒரு செருப்பு அவசியம். அங்கே வெறுங்காலோடு நடந்தால் சளி பிடிக்கும் என்று பதறுகிறார்கள்.

கையில் 50 யூரோ சில்லறை நோட்டாக எப்போதும் இருக்கட்டும். நான் போன இரண்டாவது வாரம், ஏப்ரல் 28 மதியம் பன்னிரண்டரைக்கு ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டு நாட்டிலும் ஒரே நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அட்டை வேலை செய்யவில்லை, கைப்பேசியும் மெல்ல மெல்லச் செத்தது. காசு வைத்திருந்தவர்கள்தான் அன்றைக்குத் தண்ணீர் வாங்கினார்கள்.

7. முதல் இரண்டு நாள்

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை போய் இறங்கினேன். அந்த வாரம் முழுக்க மெழுகுவர்த்தி ஊர்வலம் போன தெருக்கள், கல் பாவிய தரை பூராவும் மெழுகு படிந்து செருப்பு 'கீச் கீச்' என்றது. அந்த வாரத்தில் ரயில் சீட்டு கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

வாசலில் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைப்பார்கள். பின்னால் நகர்ந்துவிடாதீர்கள். அறைக்குள் போய்ப் படுக்கும் முன் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். கதவு பூட்டை எத்தனை சுற்று திருப்புவது, குளிக்கும் வெந்நீர் எப்படி, குப்பையை எந்தக் கூடையில் போடுவது, இந்த மூன்றும் அன்றைக்கே தெரிந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் வெந்நீர் ஆரஞ்சு நிறக் கேஸ் சிலிண்டரில். ஐந்து நிமிடத்துக்கு மேல் தண்ணீர் ஓடினால் வீட்டம்மா கதவைத் தட்டுவார். முகம் கோணாதீர்கள், அங்கே கேஸும் கரண்டும் விலை அதிகம்.

மொழியில் சின்னச் சின்னச் சலுகைகள் நமக்கு உண்டு. மேசை அங்கேயும் 'மேசா', அலமாரி 'அர்மாரியோ', துவாலை 'தோவாயா', பொத்தான் 'போத்தோன்'. 'பெரோ' என்றால் ஆனால், 'பெற்றோ' மாதிரி அழுத்தினால் நாய். என் வகுப்பில் மற்றவர்கள் இந்த ர, ற வித்தியாசத்துக்கு நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது நான் சும்மா இருந்தேன்.

மரியாதையில்தான் சறுக்கினேன். வீட்டம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். நீ என்று எப்படிச் சொல்வது? 'உஸ்தேத்' என்று நீங்கள் போட்டே பேசினேன். மூன்றாம் நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கே நோ சோய் தான் வியேஹா!" என்றார். நான் ஒன்றும் அவ்வளவு கிழவி இல்லை என்று அர்த்தம். வீட்டுக்குள் 'தூ' போதும். எனக்கு நாக்கு புரள ஒரு வாரம் ஆனது.

8. மேசையில்

ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு. ஏழு மணிக்கே பசிக்கும், பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போவது நமக்கு மரியாதை. அங்கே அது அவசரம். தட்டு காலியான பிறகு உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், 'சோப்ரெமேசா'. நீங்கள் கொடுத்த காசு அங்கேதான் வசூலாகிறது. தூக்கம் வந்தாலும் எழுந்திரிக்காதீர்கள்.

சாப்பாட்டு விதிகளைப் போவதற்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். 'இறைச்சி சாப்பிட மாட்டேன்' என்று மட்டும் சொன்னால் போதாது. சூரை மீனும் பன்றித் தொடை உப்புக்கண்டமும் சிலர் கணக்கில் இறைச்சியே இல்லை, சாலட்டில் தூவிக் கொடுப்பார்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கத்து ஆட்கள் பன்றி வேண்டாம் என்பதோடு, பருப்புக் குழம்பில் போடும் 'சோரிசோ' என்ற தொத்திறைச்சியும், பலகாரத்தில் சேரும் 'மந்தேக்கா' என்ற பன்றிக் கொழுப்பும் வேண்டாம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

காரம் என்ற பேச்சே கிடையாது. மிளகாய்ப் பொடியை எடுத்து மேசையில் வைத்துத் தூவிக்கொள்ளாதீர்கள், சமைத்தவருக்கு முகம் வாடிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்கிறேன் என்று கேட்டுக்கொண்டு, ஓட்டுக் கணவாய் வாங்கிவந்து மிளகு போட்டுத் தொக்கு வைத்தேன். பேரன் மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தான். அதற்குப் பதிலாக வீட்டம்மா சின்னச் சுறாவை வினிகரிலும் சீரகத்திலும் ஊறவைத்துப் பொரித்துக் கொடுத்தார். வாயில் வைத்ததும் சுறாப்புட்டு ஞாபகம் வந்துவிட்டது. 'எங்கள் ஊரில் இதை உதிர்த்துப் பூண்டு போட்டு...' என்று ஆரம்பித்தேன், உதிர்ப்பதற்கு வினை தெரியவில்லை. கையால் செய்து காட்டினேன். 'தெஸ்மெனுசார்' என்றார். அந்தச் சொல் இனி எனக்கு மறக்காது.

கரண்ட் போன அந்த ராத்திரியும் இப்படித்தான். பாம்பனில் பிறந்தவளுக்குக் கரண்ட் போவது ஒரு செய்தியா? புயல் வந்தால் நாலு நாள் இருக்காது என்றேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வீட்டம்மா, மகள், பக்கத்து வீட்டுத் தாத்தா எல்லோரும் புயலைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு மணி நேரம் தப்பும் தவறுமாகப் பேசினேன். பேட்டரி ரேடியோ ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இறந்தகால வினையை அன்றைக்குத்தான் பயமில்லாமல் உபயோகித்தேன்.

9. வீடு ஒத்துவராவிட்டால்

நான் சொல்லும் இந்த வீட்டம்மா இரண்டாவது வீடு. பள்ளி முதலில் கொடுத்த வீட்டில் என்னோடு மூன்று மாணவிகள், மேசையில் முழுக்க ஆங்கிலம். வீட்டுக்காரர் தட்டுகளை மூடி வைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்குப் போய்விடுவார். சாப்பாடு நன்றாக இருந்தது, அறையும் சுத்தம். குறை சொல்லக் கூச்சமாக இருந்ததால் ஐந்து நாள் சும்மா இருந்தேன்.

நீங்கள் மூன்றாம் நாளே பள்ளியில் போய்ச் சொல்லுங்கள். வீட்டுக்காரரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. 'வீட்டில் ஸ்பானிஷ் பேச ஆள் இல்லை, பேசுகிற வீடு வேண்டும்' என்றால் போதும். பேசியதோடு நிறுத்தாமல் ஒரு மின்னஞ்சலும் போடுங்கள். எனக்கு ஆறாவது நாள் வீடு மாற்றிக் கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. புது முகவரியை வீட்டுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

சில விஷயத்துக்கு வீடு மாற்ற வேண்டியதில்லை. அந்த ஊரில் 'லெவாந்தே' என்று ஒரு கீழைக்காற்று, நாலைந்து நாள் விடாமல் அடிக்கும். ஜன்னல் முழுக்கச் சாத்தி, எல்லோரும் எரிந்து விழுவார்கள். உங்கள் மேல் கோபமோ என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் கச்சான் காற்று அடிக்கும்போது வீட்டில் எப்படி இருக்குமோ அப்படித்தான். மொட்டை மாடியில் துணி காயப்போட்டிருந்தால் மட்டும் ஓடிப்போய் எடுத்துவிடுங்கள், என் சுடிதார் ஒன்று அட்லாண்டிக்கில் இருக்கிறது.

10. கிளம்பும்போது

கடைசி வாரத்துக்கு முந்தின வாரமே பள்ளியில் வருகைச் சான்றையும் நிலைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். அதிலும் பெயரைச் சரிபாருங்கள், எனக்கு மறுபடி திருவாளர் வந்திருந்தார். வேலைக்குக் காட்ட வேண்டுமானால் பள்ளிச் சான்றைவிட 'தெலே' என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வுக்கு மதிப்பு அதிகம், அந்தச் சான்றுக்குக் காலாவதி கிடையாது. 'சியேலே' என்ற கணினித் தேர்வின் சான்று ஐந்து வருஷம் செல்லும்.

வீட்டைச் சனிக்கிழமை காலையில் காலி செய்ய வேண்டும், மதியமே அடுத்த மாணவர் வந்துவிடுவார். சாவியை மேசையில் வைக்காமல் கையில் கொடுங்கள். ரயில் சாயங்காலம் என்றால் பெட்டியை வைத்துக்கொள்ள முடியுமா என்று இரண்டு நாள் முன்பே கேட்டுவிடுங்கள். மாட்ரிட் விமான நிலையத்தில் நேரம் கணக்கிடும்போது பாஸ்போர்ட் வரிசைக்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.

கோடையில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் ராத்திரி எட்டு மணிக்கு அழைத்தால் அங்கே மதியச் சாப்பாடு முடிந்து சோப்ரெமேசா நடந்துகொண்டிருக்கும். போன வாரம் அழைத்தபோது கைப்பேசியைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்துவிட்டு, நான் அங்கே இருக்கிற மாதிரியே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தொக்குக்கு மிளகு எவ்வளவு போட வேண்டும் என்பதுதான் சண்டை.